கீழ்வரி

ரீட் அவெனியூப் பக்கம், இரண்டாம் மாடி.
ஏசி பழுது. மேசைவிசிறி தாள்களைத் தூக்கிப் பார்க்கிறது.
திரையில் பன்னிரண்டு எழுத்து,
மூன்று வரி, வரிக்கு நான்கு.
ஒரு நொடியை இருபதாய் அரிந்தால் வரும் துண்டு,
அவ்வளவு நேரம்தான் காட்டுவேன்.
பிறகு வெள்ளை.

எல்லாவற்றையும் சொல்லுங்கோ என்றால்
நான்கு சொல்வார்கள்.
ஐந்தாவதில் விசிறியைப் பார்ப்பார்கள்.
"எல்லாம் கண்டனான் மிஸ்,
சொல்லச் சொல்லப் போயிட்டுது"
என்றார் தவநேசன்,
நூறாம் இலக்க பஸ்ஸில் கொண்டக்டர்.

அவர் பொய் சொல்லவில்லை என்று காட்டத்தான் மணி.
கீச்சென்றால் மேல்வரி, நடுத்தரம் என்றால் நடுவரி,
அடித்தொண்டை ஒலி என்றால் கீழ்வரி.
எழுத்துகள் போன பிறகுதான் மணி.
என்றாலும் கேட்ட வரியில்
மூன்றைச் சொல்லிவிடுகிறார்கள்,
சிலர் நான்கையும்.
எந்த வரியைக் கேட்பேன் என்று எனக்கே தெரியாது,
கணினிதான் குலுக்கிப் போடுகிறது.
அப்படியென்றால் எல்லா வரியும் இருந்திருக்கிறது,
கால் நொடி போல,
கரண்ட் போன பிறகும்
குழல்விளக்கின் முனைகளில் நிற்கும்
சாம்பல் வெளிச்சமாய்.

மணியை ஒரு நொடி பிந்தவிட்டேன்.
நான்கில் ஒன்று. சிலவேளை இரண்டு.

பிழைகளைத் தனித்தாளில் எழுதிவைக்கிறேன்.
உருவம் பார்த்துத் தடுமாறுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.
இல்லை.
ழ காட்டினால் ள என்கிறார்கள், ற காட்டினால் ர.
பார்வைக்கு ழ, ம-வின் சொந்தக்காரி.
ஒருவரும் ம சொல்லவில்லை.
கண் வாங்கி வந்ததை உள்ளே ஏதோ ஒரு வாய்
முணுமுணுத்துக்கொண்டே வைத்திருக்கிறது,
மூச்சு வாங்கும் இடத்தில் தவறவிடுகிறது.

அடுத்த மேசையில் தினிதி,
சிங்களப் பட்டியல் அவளுடையது.
அவள் எண்ணுவது சிங்களத்தில், நான் தமிழில்.
தொலைபேசி இலக்கம் சொல்லும்போது மட்டும்
இரண்டு பேரும் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறோம்.
ஏனென்று இன்னும் பேசிக்கொண்டதில்லை.

"இங்கே நாலு எழுத்தோட நிக்கிறீங்கள்,
பஸ்ஸிலை பதினொரு பேரின்ர மிச்சக்காசு எப்பிடி?"
படிவத்தில் இல்லாத கேள்வி.
தவநேசன் சிரித்தார்.
"அது நான் வச்சிருக்கிறதில்லை மிஸ்.
அவையின்ர முகத்திலை வச்சிருக்கிறன்.
ஆள் இறங்கினா காசும் இறங்கிடும்."

அதை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவதென்று தெரியாமல்
தாளின் ஓரத்தில் எழுதினேன்.

வெள்ளவத்தையில் எங்கள் சமையலறை யன்னல்
தண்டவாளத்தைப் பார்க்கும்.
ஆறே முக்கால் ரயில் போகையில்
வாசலில் நின்று நிரோஷன் ஏதோ சொன்னான்.
"என்ன?" என்றேன்.
கேட்ட வாய் மூடவில்லை,
காது பிடித்துவைத்திருந்ததைத் தந்துவிட்டது:
விசா வந்திட்டுது.
கண்ணைவிடக் காது கொஞ்சம் தாராளம்,
மூன்று நொடி, நான்கு நொடி வைத்திருக்கும்,
இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.
அவன் மறுபடி சொல்ல வாயெடுத்தான்.
தெரியும் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
இரண்டாம் தரம் உரக்கச் சொன்னான்,
நான் முதல் தரம் கேட்பவளைப் போல்
கையைத் துடைத்துவிட்டுப் போய்க் கட்டிப்பிடித்தேன்.
அவன் சட்டை என்ன நிறம் என்று
இப்போது யாரும் மணி அடித்துக் கேட்டால்
என்னால் சொல்ல ஏலாது.

காலையில் பஸ்ஸில் நசுங்கி நின்றேன்.
டிக்கெட் எடுத்ததும் நினைவில்லை.
பம்பலப்பிட்டியில் ஒரு கால் கீழே வைத்தபோது
பின்னாலிருந்து தவநேசன்
"மிஸ்" என்று இருபது ரூபாவை நீட்டினார்.

இரவு முழுக்க அழுது வீங்கியிருந்த முகம்.
அதிலும் அவர் வைத்த இடத்தில்
அது இருந்திருக்கிறது.